வருஷந்தோறும் வாயு நிரப்புவதேன்?

சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் நமது நகரங்களில் ஒரு புதிய சடங்கு நடைபெறுகிறது. வீட்டுக் குளிர் யந்திரத்தைப் பரிசோதிக்க வருபவர் அதைச் சற்று நேரம் உற்றுப் பார்க்கிறார். “காஸ் குறைந்துவிட்டது, நிரப்ப வேண்டும்” என்கிறார். வீட்டுக்காரரும் பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். விளக்குக்கு எண்ணெய் வார்ப்பது போல இதுவும் வருஷாந்தரச் செலவு என்று ஜனங்கள் நம்பியிருக்கிறார்கள். இந்நம்பிக்கை முற்றிலும் தவறு.

குளிர் யந்திரத்தின் வாயு எரிந்து தீரும் பொருளன்று. மூடிய குழாய்களுக்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. அறைக்குள் திரவம் ஆவியாகும்போது அங்குள்ள உஷ்ணத்தைக் கவர்ந்துகொள்கிறது; வெளியே இருக்கும் கம்ப்ரஸர் அவ்வாவியை நெருக்க, கவர்ந்த உஷ்ணத்தைக் காற்றில் விட்டுவிட்டு அது மீண்டும் திரவமாகிறது. குழாயில் பழுதில்லையாயின், தொழிற்சாலையில் இட்ட வாயுவே யந்திரத்தின் ஆயுள் முழுவதற்கும் போதும். அது குறைந்ததென்றால் எங்கோ ஒழுகுகிறது என்பதே பொருள். பல சமயங்களில் வாயு குறைந்திருப்பதுமில்லை; வடிகட்டியில் படிந்த தூசியே குளிர்ச்சியைக் கெடுத்திருக்கும். ஓட்டைக் குடத்தை அடைக்காமல் நீர் மொள்ளுவோரைக் கண்டு நகைக்கும் நாம், இவ்விஷயத்தில் மட்டும் கூலி கொடுத்து அதையே செய்விக்கிறோம்.

பண நஷ்டம் ஒரு புறமிருக்க, ஒழுகிய வாயு எங்கே போகிறது? பழைய யந்திரங்களில் உள்ள ஆர்-22 என்னும் வாயு, சூரியனின் தீய கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரிக்கிறது. 1987-இல் ஏற்பட்ட மாண்ட்ரீல் உடன்படிக்கையின்படி அது படிப்படியாக ஒழிக்கப்பட்டு வருகிறது. அதற்கு மாற்றாக வந்த ஆர்-410ஏ ஓசோனுக்குத் தீங்கு செய்வதில்லை. ஆயினும் பூமியின் உஷ்ணத்தை உயர்த்துவதில் அது முன்னதற்கு இளைத்ததன்று. அதில் ஒரு கிலோ வெளியேறினால், நூறாண்டுக் கணக்கில், ஏறக்குறைய 2,000 கிலோ கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். இப்பொழுது பெருகிவரும் ஆர்-32-க்கு அக்கணக்கு 675 கிலோ. ஆர்-290 எனப்படும் புரொப்பேன் வாயுவின் தீமையோ மிக அற்பம். ஆனால் அது எளிதில் தீப்பற்றும். ஆர்-22-க்கென்று செய்த பழைய யந்திரத்தில் அதை நிரப்புவது பெரும் அபாயம்.

இவ்வாயுக்களைக் குறைக்க 2016-இல் கிகாலியில் செய்யப்பட்ட திருத்தத்தை இந்தியா 2021-இல் அங்கீகரித்தது. செல்வ நாடுகள் 2019-இலேயே குறைக்கத் தொடங்கின. நமக்கு 2032 முதல் தொடங்கி, 2047-க்குள் 85 சதவிகிதம் குறைக்கத் தவணை உண்டு. நெடுங்காலம் முன்னரே குளிரை அனுபவித்தவர்கள் முன்னதாகக் குறைப்பதே நியாயம். அத்தவணையைக் காரணங்காட்டி நாம் வாயுவைத் தெருக்காற்றில் திறந்துவிடுவது நியாயமாகாது. அமெரிக்காவில் ஆர்-22 போன்றவற்றை வேண்டுமென்றே வெளியேற்றுவது 1992 முதல் சட்டவிரோதம். யந்திரத்தைக் கழற்றுமுன் வாயுவை உருளையில் மீட்டுக்கொள்ள வேண்டும்.

பழுது பார்ப்பவர்களை மட்டும் குறை கூறுவது எமது நோக்கமன்று. உச்சி வெயிலில் மொட்டை மாடியிலும் சுவரோரத்திலும் தொங்கிக்கொண்டு வேலை செய்பவர்கள் அவர்கள். ஒழுக்கைத் தேடி, பற்றவைத்து, நைட்ரஜன் செலுத்திச் சோதித்து, குழாயிலுள்ள காற்றை முற்றும் உறிஞ்சி எடுத்து, பின்னர் வாயுவை நிறுத்து இடுவதற்கு அரை நாளும் ஆகலாம். அரை மணியில் முடித்துத் தரும்படி அவசரப்படுத்துபவர் வீட்டுக்காரரே அல்லவா? 2019-இல் இந்திய சர்க்கார் வெளியிட்ட குளிர்விப்புத் திட்டம் ஒரு லட்சம் தொழிலாளருக்குப் பயிற்சியளிக்க உத்தேசித்தது. பயிற்சியோடு நில்லாமல், வாயு மீட்கும் கருவியும் தராசும் சிறு கடைக்காரனுக்கும் எளிய தவணையில் கிடைக்கும்படி செய்தல் அவசியம்.

யந்திரத்தின் பெயர்த்தகட்டில் வாயுவின் பெயரும் அதன் நிறையும் பொறிக்கப்பட்டிருக்கும். அடுத்த முறை “காஸ் இல்லை” என்று சொல்லப்பட்டால், நேயர்கள் அத்தகட்டைக் காட்டி, “ஒழுக்கு எங்கே? எத்தனை கிராம் குறைந்தது?” என்று கேட்பார்களாக. விடை வரும்வரை உருளையைத் திறக்க விடவேண்டாம்.