சருகுக்குத் தீ வேண்டாம்

தவக்காலம் வரும் மாசி, பங்குனி மாதங்களில் வீரகேரளம்புதூர் வட்டாரத்தில் வேம்பு இலை உதிர்க்கிறது. காலையில் பெருக்கிய முற்றம் மாலைக்குள் மீண்டும் சருகாகிவிடும். சலிப்பு மிகுந்து, குவித்துத் தீ வைப்பது பல இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. இளைப்பு நோயுள்ள முதியவர்களுக்கு அப்புகை செய்யும் கேடு யாவரும் அறிந்ததே. நாம் சொல்ல வருவது அந்தத் தீயில் வேகும் சிற்றுயிர்களைப் பற்றி.

மேல்நாடுகளில் பனிக்காலத்திற்கு முன்னர் இலைகள் உதிர்கின்றன. அவற்றைத் தோட்டத்திலேயே விட்டுவைத்தால் பூச்சிகளும் முள்ளெலிகளும் குளிரினின்று தப்பும் என அங்கே அறிவுறுத்துகிறார்கள். நமக்கோ குளிர் பகையன்று, வெயிலே பகை. நம் மரங்கள் இலை உதிர்ப்பது கோடையின் வாசலில். ஆனியில் குற்றாலச் சாரல் எட்டிப்பார்க்கும்வரை தேரைக்கும் அரணைக்கும் மரவட்டைக்கும் அச்சருகே நிழல். அதனடியில் தங்கும் ஈரமே உயிர். ஏழெட்டாகக் கூடிவரும் தவிட்டுக்குருவிகள் சருகைப் புரட்டிப் புரட்டிப் பூச்சி பொறுக்குவதைக் கண்டிருப்பீர்கள். வழித்துப் பெருக்கிய தரையில் அவற்றுக்கு என்ன கிடைக்கும்?

மண்புழுவின் கதையும் இதுவே. வெயில் ஏறி மண் காய்ந்தால் அது ஆழத்திற்குச் சென்று சுருண்டு கிடக்கும்; மேலே சருகுப் போர்வை இருந்தால் மேல்மண்ணிலேயே நெடுநாள் உழைக்கும். மண்புழுக்கள் இலைகளைத் தம் வளைக்குள் இழுத்துச் சென்று மண்ணாக்குவதைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த சார்லஸ் டார்வின், 1881ஆம் ஆண்டில் அதற்கென ஒரு நூலே வெளியிட்டார். வயலில் வேப்பந்தழையும் கொழுஞ்சியும் மிதித்து நெல் விளைவித்த நம் மக்கள், வீட்டு மரத்தின் இலையை மட்டும் குப்பை என்று ஒதுக்கியது வியப்பே.

‘பாம்பும் தேளும் வந்து சேருமே’ என்று தாய்மார்கள் கேட்பார்கள். அவ்வச்சம் நியாயமானது. வாசற்படியருகிலும், குழந்தைகள் விளையாடும் இடத்திலும், கிணற்றுக்குச் செல்லும் வழியிலும் சருகு கிடத்தல் ஆகாது. அங்கே வாரியல் ஓயலாகாது. வாரியதைப் புறவாசலின் கடைக்கோடியில், வேலியோர மரத்தடியில், அடிமரத்தை ஒட்டாமல் ஒரு சாண் உயரத்திற்குப் பரப்பிவிடலாம். சிரட்டை, இளநீர்க்கூடு, பிளாஸ்டிக் ஆகியவற்றை முன்னரே பொறுக்கி அகற்றுக; மழைநீர் தேங்கினால் அவற்றில் கொசு முட்டையிடும். வெந்நீர் அடுப்புச் சாம்பலை அதன்மேல் கொட்டலாகாது. உள்ளே தணல் இருக்கக்கூடும்.

ஐப்பசி மழைக்குள் அடிச்சருகு கறுத்து மட்கத் தொடங்கியிருக்கும். அதனை முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் இடலாம். அள்ளும்போது வெறுங்கையை விடாமல், கோலால் தட்டிவிட்டு மண்வெட்டி கொண்டே அள்ளுக.