புள்ளிக்குப் பின்னால் 2,700 பேர்

புனேயில் ஜூன் பிறந்தால் மழையோடு மகாராஷ்டிர இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வான சி.இ.டி.யின் ரிசல்ட்டும் வந்துவிடும். அப்புறம் லிஃப்டில், மளிகைக் கடையில், கோயிலில் எங்கே பார்த்தாலும் ஒரே கேள்வி: "99 வந்திருக்கு, சி.ஓ.இ.பி. கிடைக்குமா?"

கம்ப்யூட்டர் என்றால் கிடைக்காது. 1854இல் தொடங்கிய, விசுவேசுவரய்யா படித்த அந்தப் புனே இன்ஜினியரிங் கல்லூரியில், இட ஒதுக்கீடு இல்லாத ஓப்பன் வகைக்கு 99.9ஐத் தாண்டினால்தான் கம்ப்யூட்டர் பற்றிப் பேச்சே.

ஊரிலிருந்து போன் போடும் சொந்தக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது பெரும்பாடு. தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வை எடுத்து ஏறக்குறைய இருபது வருஷம் ஆகிறது. கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, ஆக 200க்குக் கட்-ஆஃப். 198 என்றால் பிள்ளை எடுத்த மார்க் அது. இங்கே 99 என்பது மார்க்கே இல்லை, பர்சன்டைல்; அதாவது வரிசையில் நிற்கும் இடம். 2024இல் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு சேர்ந்த பி.சி.எம். தேர்வு எழுதியவர்கள் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர். 99 வாங்கியவனுக்கு முன்னால் சுமார் 3,000 பேர் நிற்கிறார்கள், 99.9 வாங்கியவனுக்கு முன்னால் 300 பேர். நடுவில் இருக்கும் 2,700 பேரும் அந்தப் புள்ளிக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கிறார்கள்.

எங்கள் குடியிருப்பில் ஒரு பையனுக்கு 99.2. "நல்ல ஸ்கோர்தானே அண்ணா?" என்று அவன் அம்மா கேட்டார். முந்தைய வருஷத்து கேப் ரவுண்ட், அதாவது மாநில அளவிலான சேர்க்கைச் சுற்றின் கட்-ஆஃப் பி.டி.எஃப்.ஐத் திறந்து உட்கார்ந்தோம். ஒவ்வொரு பிரிவுக்கும் கீழே ஜி.ஓப்பன்.எஸ்., எல்.ஓப்பன்.எஸ்., இ.டபிள்யூ.எஸ்., டி.எஃப்.டபிள்யூ.எஸ். என்று ஒவ்வொரு ஒதுக்கீட்டு வகைக்கும் கட்டம் கட்டமாக ஓடும். கட்டத்துக்குள் மெரிட் நம்பர், அதன் கீழே அடைப்புக்குறிக்குள் ஏழு தசமம் வரை பர்சன்டைல். ஒரே கல்லூரி, ஒரே பிரிவு, கட்டம் மாறினால் கணக்கு மாறும். போதாததற்கு நவி மும்பை நெருளில் இருக்கும் எஸ்.ஐ.இ.எஸ். தமிழ் மொழிச் சிறுபான்மைக் கல்லூரி. அங்கே தாய்மொழிக்கே ஒரு கட்டம் உண்டு. பர்சன்டைலை விட்டுவிட்டு மெரிட் நம்பரைப் பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது, புள்ளிக்குப் பின்னால் இத்தனை பேர் ஒளிந்திருப்பதால்தான். அதைப் பார்த்தாலும், "நல்ல ஸ்கோரா?" என்பதற்கு எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்தக் கட்டம் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

அந்த ஏழு தசமத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதையும் கிடையாது. 2025 ஏப்ரல் 27 காலை ஷிஃப்டில் கணக்குத் தாளின் 50 கேள்விகளில் 21க்குக் கொடுத்திருந்த விடைகளே தப்பு. 27,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு மே 5இல் மறுபடியும் தேர்வு வைத்தார்கள். கேள்வித்தாளே இந்த லட்சணம் என்றால், ஏழாவது தசமத்தில் முந்தியவன் கெட்டிக்காரன், பிந்தியவன் மக்கு என்று எப்படிச் சொல்வது? சீட்டு குறைவு, கேட்பவர்கள் அதிகம். எங்கேயாவது கோடு போட்டாக வேண்டும், போடுகிறார்கள்.

கோடு போடுவதில் எனக்குச் சண்டை இல்லை. ரிசல்ட் வந்த அன்றைக்கே 99.2 வாங்கிய பிள்ளையை உட்காரவைத்துத் துக்கம் விசாரிக்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

பையன் தெளிவாக இருந்தான். சி.ஓ.இ.பி.யில் மெட்டலர்ஜியா, வேறு கல்லூரியில் கம்ப்யூட்டரா என்று அம்மாவும் நானும் அரை மணி நேரம் வாதாடிக்கொண்டிருந்தபோது, ஆப்ஷன் ஃபார்மில் மெட்டலர்ஜியை முதலில் போட்டு முடித்திருந்தான். அம்மாவுக்கு இன்னும் கோபம். மாற்றச் சொல்லி என்னைத் தூது அனுப்பப் பார்க்கிறார்.