முத்தின் ஒளி மேற்பரப்பில் மட்டும் இல்லை

தூத்துக்குடிக் கடல் முத்துக்குப் பெயர் பெற்றது என்று நம் பிள்ளைகள் பாடநூலில் படிக்கிறார்கள். முத்து ஏன் மின்னுகிறது என்று கேட்டால் பெரியவர்களிலும் பலர் தயங்குவர். சிப்பிக்குள் வாழும் அந்தச் சிற்றுயிர், மயிரிழையைவிடப் பன்மடங்கு மெல்லிய படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியச் செய்கிறது. மேலே விழும் ஒளியில் ஒரு பகுதி அப்படலங்களுக்குள் நுழைந்து, அடுக்கடுக்காய்த் திரும்பி வருகிறது. நம் கண்ணுக்கு எட்டுவது மேற்பரப்பின் பளபளப்பு மட்டுமன்று, உள்ளடுக்குகளின் ஒளியும்தான்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாஉ உலூமித்தீனில் 'தஃபக்குர்' எனப்படும் ஆழ்ந்த சிந்தனைக்கென்றே தனிப் பகுதி ஒன்றை எழுதியிருக்கிறார்கள். நீருக்கடியில் சிப்பிக்குள் முத்து உருண்டு திரள்வதை எண்ணிப் பார்க்குமாறு அதில் கூறுகிறார்கள். கடலுக்கு வெகு தொலைவிலுள்ள தூஸ் நகரில் பிறந்து, அங்கேயே 1111-இல் மறைந்த அறிஞர் அவர்கள். முத்துக்கரையிலேயே பிறந்த நாமோ, கடற்கரைக்குப் போனால் செல்பேசியில் நான்கு படங்கள் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

1961-க்குப் பின் இக்கடலில் பழைய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. அதனால் என்ன? சாயர்புரத்தைச் சுற்றி நிற்கும் பனைகளே நமக்குப் போதும். பருவ காலத்தில் பனையேறி காலையும் மாலையும் மரமேறி, பாளையின் நுனியை மெல்லிதாகச் சீவுகிறார். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டுகிறார். அச்சுண்ணாம்பு இருந்தால் பதநீர். இல்லையேல் அதே சாறு புளித்துக் கள்ளாகிவிடும். ஆகுமானது எது, விலக்கப்பட்டது எது என்று மத்ரஸாவில் நாம் பாடம் நடத்துகிறோம். சாலையோரத்தில் நின்று பதநீர் பருகுகையில், அவ்விரண்டுக்கும் நடுவே ஒரு மனிதரின் விரல் தடவிய சுண்ணாம்பு இருப்பதை எத்தனை பேர் நினைக்கிறோம்?

"பிழைப்பைப் பார்க்கவே நேரமில்லை, பனையைப் பார்ப்பதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நிதானம் ஓய்வு உள்ளவர்களுக்கு மட்டும் உரிய பொழுதுபோக்கன்று; ஏழைக்கும் செல்வருக்கும் ஒருபோல் விதிக்கப்பட்டது. பள்ளிவாசலில் அவசரமாகத் தொழுது முடித்த ஒருவரை, அவர் இன்னும் தொழவில்லை என்று கூறி, நபி (ஸல்) அவர்கள் மும்முறை திருப்பி அனுப்பிய நிகழ்ச்சி நாமெல்லோரும் அறிந்ததே. ருகூவிலும் ஸுஜூதிலும் உறுப்புகள் அடங்கி நிற்க வேண்டும். அந்த அடக்கம் நம் ஷாஃபிஈ மத்ஹபில் தொழுகையின் கடமைகளுள் ஒன்று. ரமழான் இரவுகளில் எந்தப் பள்ளியில் தராவீஹ் விரைவில் முடியும் என்று விசாரித்துச் செல்லும் வழக்கம் நமக்கு எங்கிருந்து வந்ததோ!

அஸர் நேரம் எது என்று மாணவர்களைக் கேட்டால் செல்பேசியைத்தான் பார்க்கிறார்கள். செயலி தவறன்று. ஆயினும் ஃபிக்ஹு நூல்கள் அந்நேரத்தை நிழலைக் கொண்டல்லவா சொல்கின்றன? முற்றத்தில் ஒரு கோலை நட்டு, உச்சிப்பொழுதில் விழும் நிழலை அளந்து, அதனுடன் கோலின் நீளத்தையும் கூட்டி, நிழல் அங்கே வரும்வரை பிள்ளைகளைக் கவனிக்கச் செய்யலாம். சூரியனின் நகர்வைத் தரையில் கண்ட பிள்ளைக்குப் பாங்கோசை வேறுவிதமாகக் கேட்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. தூத்துக்குடியை நெருங்கும்போது உப்பளங்கள் வெண்மையாய் விரிகின்றன. பேருந்தின் சன்னலோரம் அமர்ந்திருப்பவருக்கு அது அழகு. நாள் முழுதும் அதில் நிற்கும் தொழிலாளியின் கண்களை அதே வெண்மை கூசச் செய்து நலியச் செய்கிறது; உவர்நீர் பாதங்களைப் புண்ணாக்குகிறது. உப்பின் வெண்மையை மட்டும் கண்டு, வாருபலகையைப் பிடித்த கைகளைக் காணாத பார்வையை நாம் தஃபக்குர் என்று அழைக்க மாட்டோம். கோடை விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். உப்பை மட்டுமன்றி, அதை வாரும் பெண்களுக்கு அன்றைய கூலி என்னவென்றும் அவர்கள் கேட்டு வரட்டும்.