கவிழ்ந்தாலும் முக்கோணம்தான்!

நாலரை வயது வாண்டிடம் படப் புத்தகத்தைக் காட்டி, "இது என்னடா கண்ணா?" என்று கேட்டால், "முக்கோணம்!" என்று பட்டென்று பதில் வரும். புத்தகத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் திருதிருவென்று விழிக்கும். "இது இல்லேம்மா, கவுந்து போச்சு" என்று சொன்னாலும் ஆச்சரியமில்லை.

குழந்தை மேல் குற்றமில்லை. அநேகமாக எல்லாப் புத்தகத்திலும் முக்கோணம் மூன்று பக்கமும் சமமாக, கோபுரம் மாதிரி நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிறது. ஹாலந்து நாட்டுக் கணித ஆசிரியர்களான வான் ஹீலே தம்பதி 1957-லேயே இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். குழந்தை முதலில் உருவத்தை மொத்தமாகப் பார்த்து, ஒரு முகத்தைப் போல அடையாளம் வைத்துக்கொள்கிறது. பக்கத்தையும் மூலையையும் கவனிப்பது அடுத்த படி. அந்தப் படியில் கைபிடித்து ஏற்றிவிட நம் அடுப்பங்கரையே போதும்.

தென்னை ஈர்க்குச்சிகளைக் கூர் நுனி நீக்கி நறுக்கிக்கொள்ளுங்கள். சப்பாத்தி மாவில் சுண்டைக்காய் அளவு உருண்டைகள் பிடித்து, மூலைகளில் வைத்துக் குச்சிகளைச் செருகச் சொல்லுங்கள். மூன்றும் ஆறு அங்குலமானால் சமபக்க முக்கோணம். ஆறு, ஆறு, மூன்று என்றால் இருசமபக்கம். ஆறு, ஐந்து, நான்கு என்றால் அசமபக்கம். பெயரை உருப்போட வைக்காதீர்கள்! "மூணும் ஒண்ணு, ரெண்டு ஒண்ணு, ஒண்ணும் ஒண்ணில்லே" என்று குழந்தையே அளந்து சொன்னால் போதும். பெயருக்கும் அதுதானே அர்த்தம்? செய்ததைத் திருப்பி, கவிழ்த்து, சாய்த்து வைத்து, ஒவ்வொரு தடவையும் மூலைகளை எண்ணச் சொல்லுங்கள்.

இனி நாலு சமக் குச்சிகளில் ஒரு சதுரம். ஒரு மூலையை லேசாகத் தள்ளினால் சாய்சதுரமாகிவிடும். முக்கோணத்தைத் தள்ளினாலோ அது அவ்வளவு லேசில் வளைந்து கொடுக்காது. சைக்கிள் சட்டத்திலும் ஓட்டுக் கூரையின் மரச்சட்டத்திலும் முக்கோணம் இருப்பது இதனால்தான் என்று காட்டினால், வாண்டு தெருவெல்லாம் முக்கோணம் தேடும்.

சதுரக் கைக்குட்டையைக் கோணலாக விரித்தால் 'டைமண்ட்' என்று சொல்லும். மறுக்க வேண்டாம். "சரி, மூலையெல்லாம் மாறிடுச்சா?" என்று கேளுங்கள்.

வட்டத்தில் மட்டும் நாமே கவனமாகப் பேசவேண்டும். பந்தைக் காட்டி வட்டம் என்கிறோம். அப்பளம் வட்டம், லட்டு உருண்டை. தமிழில் வார்த்தை தனித்தனியாகவே இருக்கும்போது ஏன் குழப்புவானேன்?

1939-ல் சென்னைக்கு வந்து அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரி அம்மையார், மர வடிவங்களின் ஓரத்தைக் குழந்தை இரண்டு விரலால் தடவிப் பார்க்கவேண்டும் என்பார். அதற்கென்று விலை கொடுத்து வாங்க வேண்டாம். பெரியவனின் ஜியோமிதிப் பெட்டியில் இரண்டு மூலைமட்டங்கள் இருக்குமே! இரண்டிலும் ஒரு செங்கோணம் உண்டு. ஒன்று இருசமபக்கம், மற்றது அசமபக்கம். கண்ணைப் பொத்தி, எது எதென்று விரலாலேயே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெரியவனையும் கூட உட்கார வையுங்கள், அவனுக்கும் பரீட்சைக்கு ஆகும்.