இளைத்துத் தேறுதல்

நோய்ப்படுக்கையிலிருந்து எழுந்து வருபவரைப் பார்த்து ‘உடம்பு தேறிவிட்டது’ என்கிறோம். அச்சொல்லுக்குள் ஓர் எடைக்கல் இருக்கிறது. ஒட்டிய கன்னம் நிரம்பியது, தோளெலும்பு மறைந்தது, தொளதொளத்த சட்டை மறுபடி பொருந்தியது என்பவையே அதன் பொருள். பஞ்சத்தையும் கொள்ளைநோயையும் மாறிமாறிக் கண்ட ஒரு சமூகத்தில் சதைப்பிடிப்பே பிழைத்ததற்குச் சான்றாக இருந்ததில் வியப்பில்லை. இதற்கு மறுபுறம் ‘இளைத்துவிட்டாயே’ என்பது இரக்கத்தின் குரல். ‘ஊருக்கு இளைத்தவன்’ என்பது இளக்காரத்தின் குரல். இளைத்துத் தேறுதல் என்ற ஒன்றுக்கு நம் பேச்சில் இடமே ஒதுக்கப்படவில்லை.

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வந்து நிற்பது இந்த வெற்றிடத்தில்தான். எங்கள் வாசக வட்டத்து நண்பர் ஒருவர் மூன்றாண்டுகளுக்கு முன் இச்சிகிச்சையைச் செய்துகொண்டார். அப்போது அவர் எடை 132 கிலோ. சர்க்கரை நோயும், உறக்கத்தில் மூச்சு தடைப்படும் தொல்லையும் இருந்தன. இன்று இரண்டும் அடங்கியிருக்கின்றன. மருத்துவமனை விளம்பரங்களில் ‘முன்பு’, ‘பின்பு’ என்று இரண்டு படங்களை ஒட்டி நடுவில் ஒரு கோடு போட்டிருப்பார்கள் அல்லவா? அந்தக் கோடு எவ்வளவு அகலமானது என்பதை அவரருகே இருந்துதான் நாங்கள் அறிந்தோம். அவர் ஒப்புதலோடு சிலவற்றை இங்கே சொல்கிறோம், கருத்துகள் எங்களுடையவை.

முதலில் ‘குறுக்கு வழி’ என்ற வசையைப் பார்த்துவிடுவோம். நடக்கச் சோம்பல்பட்டு, வாயைக் கட்ட முடியாமல், காசைக் கொடுத்து வயிற்றை வெட்டிக்கொண்டவர் என்பது இதன் விரிவுரை. படித்தவர்களே இதைச் சொல்கிறார்கள். திருக்குறளின் 95ஆம் அதிகாரத்தைத் துணைக்கழைத்துக்கொண்டும் சொல்கிறார்கள். ‘மருந்து’ என்ற அவ்வதிகாரம் அளவறிந்து உண்ணச் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த அளவை நமக்கு அறிவிப்பது யார்? ‘போதும்’ என்பது இரைப்பையிலிருந்தும் குடலிலிருந்தும் சுரப்புகளின் வழியாக மூளைக்குச் சென்று சேரவேண்டிய செய்தி. மிகவும் பருத்த உடலில் அச்செய்தி மங்கிப்போகிறது. பட்டினி கிடந்து எடையைக் குறைத்தாலோ, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு கூடி, உடல் பழைய எடைக்கே திரும்பப் பார்க்கிறது. மனவுறுதி என்று நாம் மெச்சிக்கொள்வது பலரிடத்தில் இச்சுரப்புகள் காட்டும் கருணையே அன்றி வேறில்லை என்று தோன்றுகிறது.

இச்சிகிச்சை நேற்று முளைத்ததும் அன்று. குடற்புண்ணுக்காக இரைப்பையின் பெரும்பகுதி நீக்கப்பட்டவர்கள் எடை கூடாதிருப்பதைக் கவனித்த எட்வர்ட் மேசன், அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 1966இல் இதற்கு அடித்தளமிட்டார். இன்று பரவலாகச் செய்யப்படுபவை இரண்டு. இரைப்பையின் முக்கால் பங்கை வெட்டியெடுத்து, எஞ்சியதை ஒரு வாழைப்பழத்தின் வடிவில் விட்டுவைப்பது ஒன்று. கிரெலின் மிகுதியாகச் சுரக்கும் மேற்பகுதி இதில் போய்விடுகிறது. இரைப்பையின் உச்சியில் ஏறத்தாழ 30 மில்லி கொள்ளும் சிறு பையைத் தனியே பிரித்து, சிறுகுடலின் முதற்பகுதியைத் தாண்டி அப்பாலுள்ள குடலோடு அதை இணைப்பது மற்றொன்று. நண்பருக்குச் செய்யப்பட்டது இரண்டாவது. உயரத்துக்கும் எடைக்குமான குறியெண் 40ஐத் தாண்டியவர்களுக்கும், 35ஐத் தாண்டித் துணைநோய்களும் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும் என்பது 1991இல் வகுக்கப்பட்ட நெறி. 2022இல் அந்த வரம்பைத் தளர்த்தியபோது, ஆசியர்களுக்கு 27.5லிருந்தே பரிசீலிக்கலாம் என்றார்கள். குறைந்த பருமனிலேயே சர்க்கரை நோய் நம்மைப் பிடித்துக்கொள்கிறது என்பது காரணம். ஆபத்தே இல்லாத சிகிச்சை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. தையலில் கசிவு, இரத்தக்கட்டு, அரிதாக மரணம் எல்லாம் இதில் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு கையொப்பமிடுபவரைச் சோம்பேறி என்பது விந்தையான கணக்கு.

அறுவைக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. மூன்றாம் நாள் வீடு. அதற்குப் பிறகுதான் பாடு.

முதல் இரு வாரங்கள் நீராகாரம். பிறகு மசித்த கூழ், பிறகு குழைந்த உணவு, ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்தே சாதாரண உணவு. இருமல் மருந்துப் புட்டியின் அளவுமூடிதான் முதல் மாதத்தில் நண்பரின் உண்கலம். தண்ணீரைச் செம்போடு தூக்கி அண்ணாந்து குடித்தே வளர்ந்தவர் அவர். அப்படி ஒரு மிடறு ஊற்றிக்கொண்டால் இனி நெஞ்சு அடைத்துக்கொள்ளும். நாற்பத்தாறு வயதில் உதடு வைத்துச் சப்பிக் குடிக்கப் பழகினார். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டரை அப்படிச் சப்பித் தீர்க்கவேண்டும். ஆனால் உணவோடு குடிக்கக் கூடாது, உண்டு அரை மணி கழித்தே குடிக்கவேண்டும். ரசத்தைச் சோற்றோடு பிசைந்து உண்பவனுக்கு எது திடம், எது நீர் என்று அவர் மருத்துவரைக் கேட்டாராம். மருத்துவர் சிரித்துவிட்டு, ரசத்தைத் தனியே மாலையில் குடிக்கச் சொல்லியிருக்கிறார்.

அடுத்தது புரதம். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஒரு முட்டையில் 6 கிராம், ஓர் இட்லியில் ஏறத்தாழ 2 கிராம். ஓர் இட்லியே நிறைத்துவிடும் வயிற்றில் 60 கிராமை எங்கே வைப்பது? நம் இலையின் இலக்கணத்தையே இது கேள்விக்குள்ளாக்குகிறது. சோறுதான் சாப்பாடு, மற்றதெல்லாம் ‘தொட்டுக்கொள்ள’. அந்தச் சொல்லே போதும், பருப்பையும் பயற்றையும் முட்டையையும் நாம் எந்த இடத்தில் உட்கார வைத்திருக்கிறோம் என்பதற்கு. நண்பர் வீட்டில் இப்போது சுண்டலும் மீனும் முட்டையும் முதலில் வருகின்றன, காய் அடுத்து. இடம் மிஞ்சினால் சோறு, தொட்டுக்கொள்ள.

இதில் எவரும் எச்சரிக்காத ஒரு பொறி உண்டு. சரியாக மெல்லாத கோழித்துண்டு நெஞ்சில் நின்று உயிரை எடுக்கும். முறுக்கோ மிக்சரோ மென்றவுடன் கரைந்து ஒரு தடையுமின்றி இறங்கும். சிறுத்த வயிறு நல்லதை மறுத்துத் தீயதை வரவேற்கிறது. இனிப்பு மட்டும் உடனே தண்டித்துவிடுகிறது. அரைக் கரண்டி கேசரிக்குப் பிறகு வியர்த்து, இதயம் படபடத்து, கண் இருண்டு உட்கார்ந்தவரை நாங்கள் ஒருமுறை பார்த்திருக்கிறோம். மூன்றாம் மாதத்தில் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது, பிறகு முளைத்துவிட்டது. தொங்கும் தோலின் மடிப்புகளில் கோடையில் வரும் புண்ணைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தலைவலிக்கு மருந்துக்கடையில் கைநீட்டி வாங்கும் வலிமாத்திரைகளில் பெரும்பாலானவை இவருக்கு ஆகா; இணைப்பு இடத்தில் புண் வந்துவிடும். மதுவும் இவ்வுடலில் வெகு விரைவாக ஏறுகிறது. அறுவைக்கு இரண்டாண்டு கழித்துக் குடி கூடியவர்களைப் பற்றிய ஆய்வுகள் உண்டு. உணவில் தேடிய ஆறுதலைச் சிலர் அங்கே தேடுகிறார்கள் போலும்.

இவையெல்லாம் பழகிவிட்டன என்கிறார் நண்பர். பழகாதது பந்தி. இலைக்கு முன் அமர்ந்து நான்கு கவளத்தில் நிறுத்திக்கொண்டால், பக்கத்து இலைக்காரர் முடிக்கும்வரை எழவும் கூடாது, பரிமாறுபவர் கையைத் தடுத்தபடியே இருக்கவும் வேண்டும். பதார்த்தங்களோடு இலையை மடித்தால் சமையலைப் பழித்ததாகிவிடும். ‘எங்க வீட்டுல சாப்பிட மாட்டீங்களா?’ என்ற கேள்வி மிகுந்த அன்போடுதான் வருகிறது. அதுவே அதன் கொடுமை. கடைசிப் பந்தியில், கைகழுவும் இடத்தையொட்டிய ஓர இலையில் அமர்வது அவர் கண்டுபிடித்த தந்திரம். அதுவும் சலித்துப்போய், இப்போது திருமணங்களுக்குக் காலையிலேயே போய் மொய் எழுதிவிட்டு வந்துவிடுகிறார். ஒரு மனிதர் உடல்நலம் பெற்று ஊரை இழந்துகொண்டிருக்கிறார். எங்கள் முறையீடு இந்த இடத்தில்தான்.

ஊரில் பித்தப்பைக் கல்லை எடுத்ததாகவே சொல்லியிருக்கிறார். ‘சுகர் முத்திப்போச்சா?’, ‘டெஸ்ட்டெல்லாம் பாத்தீங்களா?’ என்ற துக்க விசாரிப்புகளைத் தாங்கிக்கொள்ளலாம், உண்மையைச் சொல்லி வாங்கும் ‘ஓ, ஆபரேஷனா’ என்ற இழுப்பைத் தாங்க முடியாது என்பது அவர் கட்சி. பருத்திருந்தது ஒரு வெட்கம், அதைத் தீர்த்துக்கொண்டது இன்னொரு வெட்கம். அவருடைய தாயார்தான் அதிகம் துன்பப்பட்டவர். கணவர் இல்லாமல் ஆறு பிள்ளைகளை வளர்த்தவர் அவர். பசியோடு எவரும் படுக்காமல் பார்த்துக்கொண்டதே அவர் வாழ்க்கையின் வெற்றி. ‘என்ன தம்பி, குருவி கொத்துற மாதிரி கொத்துறே’ என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய் அழுதாராம். ஓராண்டு ஆயிற்று. இப்போது பேரனின் சின்னத் தட்டில் ஒரு கரண்டி பாசிப்பயறு வைத்துக் கொடுத்துவிட்டு, அவர் தின்று முடிக்கும் அரை மணி நேரமும் எதிரே உட்கார்ந்து பழங்கதை பேசுகிறார். முன்பெல்லாம் பரிமாறும் வேகத்தில் இருவரும் பேசிக்கொண்டதே இல்லையாம்.

இந்த உடலைப் பற்றி நம் இலக்கியத்தில் தேடினால் பஞ்சம் கிடைக்கிறது, வறுமை கிடைக்கிறது, விரதம் கிடைக்கிறது, விருந்து கிடைக்கிறது. பருத்தவர் கிடைப்பது வார இதழ்த் துணுக்குகளிலும் திரைப்பட நகைச்சுவையிலும்தான். ‘குண்டு’ என்பதைப் பெயரின் முன்னொட்டாகவே சுமந்து நடித்த கலைஞர் நம்மிடம் உண்டு. ஒரே ஒரு விதிவிலக்கு நினைவுக்கு வருகிறது. அதுவும் மிகப் பழையது. மணிமேகலையில் வரும் காயசண்டிகைக்கு யானைத்தீ என்ற நோய். எவ்வளவு உண்டாலும் அடங்காத பசி, பன்னிரண்டு ஆண்டுகள். அவள் மிதித்துச் சிதைத்த நாவற்கனிக்காக ஒரு முனிவரிட்ட சாபம் அது. சாத்தனார் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை, வாயைக் கட்டு என்று உபதேசிக்கவும் இல்லை. அடங்காப் பசியை நோயென்றே சொல்லி, அமுதசுரபியிலிருந்து பெற்ற உணவால் அதைத் தீர்த்துவைத்தார். அதற்குப் பின்னர் நடப்பதுதான் எங்களை உறுத்துவது. குணமடைந்தவள் தன் ஊருக்குத் திரும்பும் வழியில் விந்த மலையின் உச்சியைக் கடந்து பறக்க, அம்மலையைக் காக்கும் விந்தா கடிகை அவள் நிழலைப் பற்றியிழுத்து வயிற்றில் அடக்கிக்கொள்கிறாள். மலையைச் சுற்றிப் போகவேண்டும் என்று அவளுக்குச் சொல்ல ஆளில்லை. பசி தீர்ந்ததும் கதை முடிந்ததென எல்லோரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

நம் காலத்தின் விந்த மலை நான்காம், ஐந்தாம் ஆண்டுகளில் வருகிறது. ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய நெடுங்கால ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களிடையே மரணம் குறைந்ததை 2007இல் காட்டியது. முதல் ஓரிரு ஆண்டுகளில் இறங்கிய எடை பின்னர் ஓரளவு ஏறியே நிலைபெறுகிறது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. அந்த ஏற்றத்தில் பலர் வெட்கப்பட்டு மருத்துவரைப் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். இரும்பு, கால்சியம், டி உயிர்ச்சத்து, பி12 ஆகியவற்றுக்கான மாத்திரைகளும், ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுவதற்குமானவை. பி12 உடலில் சில ஆண்டுகளுக்குச் சேமிப்பாக இருப்பதால் குறைபாடு தாமதமாகவே தலைகாட்டுகிறது. பாதம் மரத்துப்போதல், நடை தடுமாறுதல், மறதி. வயதாகிவிட்டது என்று வீட்டார் நினைத்துக்கொள்வார்கள். எத்தனையோ ஆண்டுக்கு முந்தைய அறுவையை யார் நினைவில் வைத்திருக்கப் போகிறார்கள், அதுவும் பித்தப்பைக் கல் என்று சொல்லி வைத்திருக்கும்போது?

2025இல் எடைக்குறைப்பு ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. அவற்றைப் போட்டுக்கொள்பவர்களும் நான்கு கவளத்தில் கையை எடுப்பவர்களே. ஆகவே வரும் முகூர்த்தங்களில் ஓர இலையைத் தேடுபவர் தொகை கூடத்தான் போகிறது. அவர்களுக்கு இன்னொரு கரண்டி வைக்காதிருக்கப் பரிமாறுபவர்களுக்கும், எத்தனை கிலோ குறைந்தது என்று கேட்காதிருக்க நமக்கும் பயிற்சி வேண்டும். இதில் எழுதுகிறவர்களுக்கு உள்ள வேலையைத் தனியே சொல்லத் தேவையில்லை. அளவுமூடியில் கஞ்சி குடித்த மனிதர் ஒருவரைக் கொண்ட நாவலை நாங்கள் இன்னும் படிக்கவில்லை.

நண்பருக்கு அடுத்த பரிசோதனை மார்கழியில். வெறும் வயிற்றில் போகவேண்டும் என்பதால் எங்களில் ஒருவர் உடன் போவதாக ஏற்பாடு. இரத்தம் கொடுத்துவிட்டு எதிரேயுள்ள கடையில் ஒரு பிளேட் இட்லி வாங்குவார்கள். பிளேட்டுக்கு இரண்டு, ஒன்று உடன் போகிறவருக்கு.