நேத்ராவுக்குத் தனியிடம்

வெள்ளவத்தையில் மாலையானால் ரிமோட் என் மாமியின் கையில். அவர் தேடுவது நேத்ராவை. ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் தன் தமிழ்ச் சனலான நேத்ராவுக்குத் தனி அலைவரிசை கொடுக்கவில்லை. சனல் ஐயுடன் நேரம் பிரித்துக் கூட்டுக்குடித்தனம் வைத்தது. அனலொக்கில் ஓர் அலைவரிசை ஒரு நேரத்தில் ஒரு சனலைத்தான் சுமக்கும். ஒருவரின் நேரலை நீண்டால் மற்றவரின் நேரம் தேயும். எவருடையது தேய்ந்தது என்று கொட்டாஞ்சேனையில் யாரையும் கேட்டுப் பாருங்கள்! டிஜிட்டலில் இந்த இழுபறிக்கே இடமில்லை. ஒரு சனல் அடைத்துக்கொள்ளும் அதே 8 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில், தரவைச் சுருக்கிப் பல சனல்களை ஒன்றாக அனுப்பலாம். ஜப்பானிய டிஜிட்டல் முறையை இலங்கை தெரிவு செய்தது 2014இல். அந்த மாற்றத்தை அரசு நிறைவேற்றும்போது, நேத்ராவுக்கு இருபத்து நான்கு மணிநேரமும் தனியிடம் ஒதுக்கட்டும்.