சொல்லும் பொருளும்: ‘நேட்டிவ்’

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம் குடும்பங்களில் நாள்தோறும் புழங்கும் ஆங்கிலச் சொற்களுள் ‘நேட்டிவ்’ என்பதும் ஒன்று. புதிதாக அறிமுகமாகும் தமிழரிடம், “உங்களுக்கு நேட்டிவ் எது?” என்று வினவுகிறோம். “விடுமுறைக்கு நேட்டிவ் போகிறோம்” என்று அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொள்கிறோம். விண்ணப்பத் தாள்களிலும் ‘நேட்டிவ் பிளேஸ்’ என்றொரு வினா நம் பிள்ளைகளை எதிர்நோக்கி நிற்கிறது. தில்லியிலோ மும்பையிலோ பிறந்து, கோடை விடுமுறையில் மட்டுமே தஞ்சையையும் நெல்லையையும் கண்ட பிள்ளை அங்கே எதனை எழுதுவது? விடை காணுமுன், அச்சொல் கடந்து வந்த பாதையை இத்திங்கள் சற்றே நோக்குவோம்.

பிறத்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையினின்று தோன்றியது ‘நாத்திவுஸ்’ என்னும் சொல். பிறவியிலேயே அமைந்தது, இயல்பானது என்பன அதன் பொருள்கள். இயற்கையைக் குறிக்கும் ‘நேச்சர்’, தேசத்தைக் குறிக்கும் ‘நேஷன்’ ஆகிய சொற்களும் அதே வேரிற் கிளைத்தவையே. ஆயினும் இடைக்கால இங்கிலாந்தின் பண்ணை ஆவணங்களில் இச்சொல்லுக்குக் கொடியதொரு பொருளும் இருந்தது. அங்கே ‘நாத்திவுஸ்’ எனப்பட்டவன் பிறப்பினாலேயே பண்ணைக்குக் கட்டுண்ட குடியானவன். நிலக்கிழாரின் இசைவின்றி ஊரை விட்டு நீங்கும் உரிமை அவனுக்கு இல்லை. 15-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ‘நேட்டிவ்’ என்னும் பெயர்ச்சொல்லும் அடிமையாய்ப் பிறந்தவனைக் குறித்து வழங்கியது. பிழைப்பை நாடி ஊர் கடந்து வந்த நாம் இதனை எண்ணிப் பார்த்தல் தகும். ஊரை விட்டுப் போக இயலாதவனுக்கு இட்ட பெயரைக் கொண்டே, விட்டு வந்த ஊரை நாம் குறிப்பிடுகிறோம்!

பிற்காலத்தில் இச்சொல் ஓரிடத்திற் பிறந்தவர் எவரையும் குறிக்கும் பொதுச்சொல்லாயிற்று. எனினும் ஆங்கிலேயர் கடல் கடந்து ஆளப் புகுந்தபோது, அவர்தம் வாயில் அது மீண்டும் தாழ்ந்தது. ஆங்கிலக் கடற்கரையில் விளையும் சிப்பியை இலண்டன் உணவு விடுதிகளில் ‘நேட்டிவ்’ என்றே அழைப்பர். அங்கே அது உயர்ந்த சரக்குக்கு அடையாளம். அதே சொல்லை இந்தியர்மீது சூட்டியபோதோ, ஒருபடி தாழ்ந்தவர் என்னும் குறிப்பு அதனுள் புகுந்துவிட்டது. கம்பெனிப் படைகளில் இந்தியச் சிப்பாய்களின் அணிகள் ‘நேட்டிவ் இன்பன்ட்ரி’ எனப்பட்டன. 1885-ஆம் ஆண்டில்தான் அப்படைகளின் பெயர்களினின்று அச்சொல் நீக்கப்பட்டது. புதுக்கோட்டை போன்ற அரசுகளும் ‘நேட்டிவ் ஸ்டேட்’ என்றே நெடுங்காலம் வழங்கப்பட்டன.

நம்மவர் இச்சொல்லைக் கண்டு ஒதுங்கி நின்றாரல்லர். 1852-ல் சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டியார் தோற்றுவித்த அரசியற் சங்கத்தின் பெயர் ‘மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன்’. இன்று நாடெங்கும் பேசப்படும் மும்பைப் பங்குச் சந்தையும் 1875-ல் ‘நேட்டிவ்’ என்னும் அடைமொழியைத் தாங்கிய தரகர் சங்கமாகவே தொடங்கிற்று. ஆள்வோர் இளக்காரமாக வழங்கிய பெயரையே தம் பெயர்ப்பலகையில் எழுதி வைத்தனர் நம் முன்னோர்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் முத்துசாமி ஐயர் முதல் இந்திய நீதிபதியாக அமர்த்தப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் சில குறை கூறின. அதற்கு மறுமொழியாக 1878-ல் ‘தி ஹிந்து’ தோன்றியது. அதனைத் தொடங்கியோருள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் தமிழிலும் ஓர் இதழ் கண்டார், அதுவே ‘சுதேசமித்திரன்’. ‘நேட்டிவ் ஸ்டேட்’ என்பதனை நம்மவர் ‘சுதேச சமஸ்தானம்’ என்றே தமிழாக்கினர். ஆங்கிலத்தில் ஏளனக் குறிப்புடன் ஒலித்தது, தமிழுக்கு வந்தவுடன் சுயமரியாதையின் ஒலியைப் பெற்றது. 1906-ல் வ. உ. சிதம்பரனார் கப்பற் கம்பெனி கண்டபோது, ‘சுதேசி’ என்பதையே அதன் பெயராக்கினார்.

இச்சொல்லுக்கு வேறொரு முகமும் உண்டு. 1840-களில் அமெரிக்க ஐக்கிய நாட்டில், புதிதாகக் குடியேறிய அயர்லாந்துக் கத்தோலிக்கர் முதலானோரை எதிர்த்துக் கிளம்பிய கட்சி, 1845-ல் ‘நேட்டிவ் அமெரிக்கன்’ என்னும் பெயரைப் பூண்டது. அக்கட்சியினரின் முன்னோரும் கப்பலேறி வந்து குடியேறியவர்களே! அந்நிலத்தின் ஆதிக்குடிகளை அப்பெயரால் அழைக்கும் வழக்கம் 1960-களில்தான் பரவலாயிற்று. முன்னே வந்தவர் பின்னே வருபவரை நோக்கிக் கதவடைக்கும்போதும் ‘நேட்டிவ்’ என்னும் சொல் தாழ்ப்பாளாகப் பயன்படும் என்பதை இதனால் அறிகிறோம்.

நம் நாட்டிலும் ‘மண்ணின் மைந்தர்’ என்னும் முழக்கம் எழாமலில்லை. 1960-களின் பிற்பகுதியில் பம்பாய்த் தமிழர் அதன் வெம்மையை உணர்ந்தனர். அரசியலமைப்புச் சட்டமோ இதில் தெளிவாகவே பேசுகிறது. இந்தியாவின் எப்பகுதியிலும் தங்கிக் குடியேறும் உரிமையை அதன் 19-ஆம் பிரிவு குடிமக்களுக்கு வழங்குகிறது. பிறந்த இடத்தை மட்டும் காரணங்காட்டி அரசுப் பணியில் வேறுபாடு செய்தலை 16-ஆம் பிரிவு விலக்குகிறது. இவ்வுரிமையை நாடி நிற்கும் நாம், திருப்பூரின் பின்னலாடைச் சாலைகளிலும் சென்னையின் கட்டடப் பணிகளிலும் உழைக்க வரும் வடமாநிலத்தாரைப் பற்றி நம் உறவினர் ஏளனமாகப் பேசும்போது வாளாவிருத்தல் முறையாகுமா? அங்கே அவர் அயலார். இங்கே நாம் அயலார். நமக்கு ஒரு நீதி, அவர்க்கு ஒரு நீதி என்றிருத்தல் அழகன்று.

இனி, பிள்ளையின் விண்ணப்பத்திற்கு வருவோம். பிறந்த ஊரைக் கேட்டால் பிறந்த ஊரையே எழுதுக. நேட்டிவ் பிளேஸ் என்று கேட்டால், நம் நாட்டு வழக்கப்படி, பாட்டன் பூட்டன் வாழ்ந்த பூர்வீக ஊரை எழுதுக. இரண்டும் உண்மையே. பெண்களுக்குப் பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு ஒன்று. இரண்டையும் தம் வீடென்றே அவர்கள் உரிமையுடன் சொல்வர். அதில் முரண்பாடு இருப்பதாக எவரும் கருதுவதில்லை. ஊருக்கும் அந்நியாயமே பொருந்தும்.

ஆனால் கட்டத்தை நிரப்பியதோடு பெற்றோரின் கடமை முடிந்துவிடாது. அவ்வூரின் ஆறு எது, குளம் எது, அங்கிருந்து முதலில் புறப்பட்டு வந்தவர் யார், எதற்காக வந்தார் என்பவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் வேண்டும். சொல்லாவிடில், பூர்வீகம் என்பது ஒரு தலைமுறைக்குள் வெறும் எழுத்தாகிவிடும். அதனோடு, தாம் வளரும் நகரின் மொழியையும் வரலாற்றையும் அவர்கள் அன்புடன் கற்கச் செய்வோமாக. பூர்வீகம் பாட்டனார் தந்தது; வாழும் ஊரோ நாம் பழகிப் பழகிச் சொந்தமாக்கிக் கொள்ள வேண்டியது.